ஓலையும் ஓலைக்காரனும்

மகளுக்காகத்தான் அந்தப் பழைய வேனை வாங்கினோம். அவளுக்குப் பதினோரு வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். பஸ்ஸில் தூக்கி ஏற்ற இனி என் இடுப்பில் தெம்பில்லை. பக்கக் கதவை இழுத்துத் திறக்கிற வண்டியென்றால் அவளை நேராக சீட்டில் உட்காரவைத்துவிடலாம். பதினான்கு வருஷத்து வேன், ஆனால் புது பெயின்ட், புது சீட் உறை. ஃபாரம் 29, 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன்.

மூன்றாம் மாதம், உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து புதுச்சேரிக்குத் தெரபிக்குப் போகும்போது, திருவெண்ணெய்நல்லூர் பிரிவுக்குச் சற்று முன்னால் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வெள்ளைப் புகை. ஓரங்கட்டி, மகளை இறக்கிப் புளியமரத்தடியில் உட்காரவைத்தேன்.

பட்டறையில் மெக்கானிக் முன் சீட்டைத் தூக்கி, ஆயில் மூடியைத் திருகிக் காட்டினார். உள்பக்கம் காபி நுரை மாதிரி அப்பியிருந்தது. விரலால் வழித்து என் முன்னே நீட்டினார். “ஆயில்ல தண்ணி கலந்துடுச்சும்மா. ஹெட் கேஸ்கட் போச்சு.” ரேடியேட்டரிலிருந்து செங்கல் நிறத்தில் சேறு வந்தது. கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீரையே வருஷக்கணக்காக ஊற்றியிருக்கிறார்கள். அந்த உப்பு படிந்து குழாய்களை அடைத்திருக்கிறது. சூடேறுகிறதென்று தெர்மோஸ்டாட் வால்வை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டியிருக்கிறார்கள், அடைப்பை யாரும் பார்க்கவில்லை. சூட்டில் ஹெட் வளைந்து, கேஸ்கட் விட்டுவிட்டது.

பட்டறை பெஞ்சில் இன்னும் மூன்று பழைய வேன்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் வண்டி ஆயில் குடிக்கிறது, ஒருவர் வண்டி மேடேறினால் இழுக்க மாட்டேன் என்கிறது, ஒருவருக்குக் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. வித்தவன் ஏமாற்றிவிட்டான் என்பதுதான் மூவர் பேச்சும். நானும் சொன்னேன்: “நான் செய்யாத தப்புக்கு நான் ஏன் அழணும்?”

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. ஏனென்றால் இதே கேள்வியைப் பதினோரு வருஷமாக வேறு இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு கல்யாண மண்டபத்தில், மகள் கேட்கும்படியே, உறவுக்கார அத்தை ஒருவர் சொன்னார்: “போன ஜென்மத்துல என்ன பண்ணிச்சோ.”

எங்கள் சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இந்த உடம்போடு அனுபவிக்க வந்தது பிராரத்தம், இப்போது செய்து இனிமேல் ஏற்றிக்கொள்வது ஆகாமியம். செய்தது நினைவில் இல்லாதபோது அனுபவிப்பது எந்த நியாயம் என்று எனக்கு எப்போதும் உறுத்தும். சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் வாழ்ந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர்தான். பன்னிரண்டு சூத்திரங்கள், பதின்மூன்றாம் நூற்றாண்டு. வினை சடம், தன்னைச் செய்தவனைத் தானே தேடிப்போக அதற்கு அறிவில்லை, அறிந்த ஒருவன் அதைக் கூட்டுவிக்க வேண்டும் என்பது சித்தாந்தத்தின் வாதம். சித்தாந்த வகுப்பில் படித்தபோது எனக்கு அது வெறும் தர்க்கமாக இருந்தது. பட்டறையில் அந்தச் சேற்றைப் பார்த்தபோதுதான் உறைத்தது. சேற்றுக்கு என்னைத் தெரியாது. யார் ஓட்டினாலும் அது அடைக்கும். அதில் தண்டனையும் இல்லை, நியாயமும் இல்லை.

அதே திருவெண்ணெய்நல்லூரில் ஒரு வழக்கும் நடந்திருக்கிறது. புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். அவையார் பாட்டனின் வேறொரு கைச்சாத்தோடு ஒத்துப் பார்த்து, ஓலை செல்லும் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். பேரன் போடாத கையெழுத்துக்குப் பேரன் கட்டுப்படுகிறான். உமது வீடு எது என்று கேட்டால் கிழவர் அருட்டுறைக் கோயிலுக்குள் போய் மறைகிறார். கிழவராக வந்தவர் சிவன்.

சேக்கிழார் சொல்லும் இந்தக் கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். கிழவர் ஓலையைக் கொடுத்தனுப்பவில்லை, தானே கொண்டுவந்தார் என்பது இப்போதுதான் எனக்குப் பட்டது. பழைய கணக்கோடு கணக்குக்காரனும் வாசலுக்கு வந்தான். சுந்தரரின் பாட்டன் என்ன குற்றம் செய்தான் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. யார் யாருக்கு உரியவர் என்பது மட்டும்தான் வழக்கு. என் மகள் யாருடைய குற்றத்துக்கும் தீர்ப்பு இல்லை. அவள் எனக்கு உரியவள், நான் அவளுக்கு உரியவள்.

வினையை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கை அறிந்தவன் சிவன் ஒருவனே என்றால், மண்டபத்து அத்தைக்கு அது எப்படித் தெரியும்? தன் துன்பத்தைத் தன் வினை என்று ஒருவர் சொல்லிக்கொள்ளலாம், அதில் பணிவு இருக்கிறது. அடுத்தவர் பிள்ளையைக் காட்டிச் சொன்னால் அது சித்தாந்தமே இல்லை.

ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்து, கேஸ்கட் மாற்றி, ரேடியேட்டரைக் கழுவி, புது வால்வு போட்டோம். டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றிய தேதி, கூலன்ட் ஊற்றிய தேதி எல்லாம் என் கையெழுத்தில் இருக்கும். வண்டியை அடுத்து வாங்குகிறவரிடம் அந்த நோட்டையும் கொடுப்பேன்.

அந்த ரோட்டில் எப்போதாவது எங்கள் வேன் நின்றிருந்தால், மகளுக்குக் குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போங்கள். என்ன பாவம் செய்தாளோ என்று மட்டும் சொல்லாதீர்கள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.