நம்பிக்கையின் கூரையும் மாணவரின் உடன்பாடும்

சமய நம்பிக்கை ஒன்றை அடித்தளமாகக் கொண்டு எழுந்த கல்லூரியில் சேரும் மாணவர், கல்வியோடு அந்த நம்பிக்கையையும் ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவரா என்னும் வினா, சேர்க்கைக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் எழுவதில்லை. வேலைவாய்ப்பு, கட்டணம், விடுதி, தொலைவு ஆகியவை பற்றிய பேச்சு முடிந்ததும் விண்ணப்பம் நிரப்பப்பட்டுவிடுகிறது. எவருடைய ஒழுங்கின்கீழ் மூன்று ஆண்டுகள் வாழப்போகிறோம் என்பது, விடுதி அறையில் பெட்டியை இறக்கிவைத்த பிறகுதான் மாணவருக்குத் தெரியவருகிறது.

பெங்களூரின் கிழக்கே, வைட்ஃபீல்டை அடுத்த காடுகோடியில் அமைந்துள்ள பிருந்தாவன் வளாகம் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பும் இடமாகும். ஆன்மிக குரு சத்ய சாய் பாபா 1969இல் இங்கே தொடங்கிய கல்லூரி, 1981இல் புட்டபர்த்தியைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின், அதாவது பல்கலைக்கழகத்துக்கு ஒப்பான தகுதி வழங்கப்பட்ட நிறுவனத்தின், ஒரு வளாகமாயிற்று. கல்விக் கட்டணம் கிடையாது, எச்சமயத்தவரும் சேரலாம், ஆனால் விடுதியில் தங்கியே படிக்க வேண்டும், வழிபாடும் பஜனையும் பாடவேளையைப் போலவே நாள்முறையின் பகுதிகள். இதிலிருந்து சிறிது தொலைவில், 1990களில் எழுந்த சர்வதேசத் தொழில்நுட்பப் பூங்கா முற்றிலும் வேறான ஒரு வாழ்க்கையை இளைஞர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. கட்டணம் வாங்கும் கல்லூரியிடம் மாணவர் கணக்குக் கேட்கலாம்; கல்வியைக் கொடையாகத் தரும் நிறுவனத்திடம் வினா எழுப்பக் கூச்சம் வரும், அந்தக் கூச்சம் நன்றியுணர்விலிருந்து பிறப்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆயினும் நன்றியால் விளைந்த மௌனத்தைக் கொள்கை உடன்பாடாக நிறுவனமும் மாணவரும் ஒருசேரப் பிழையாகப் புரிந்துகொள்ள இடமுண்டு.

முன்கூட்டியே எண்ணிப் பார்த்து முடிவெடுக்கலாமே எனில், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க மெய்யியலாளர் லாரி பால் 2014இல் வெளியிட்ட நூலில், ஒருவருடைய விருப்பங்களையே மாற்றிவிடும் அனுபவங்களைப் பற்றி ஆராய்ந்தார். அத்தகைய அனுபவத்துக்கு முன் நிற்பவர், அதன்பின் தாம் எதை விரும்புவார் என்பதை அறிய முடியாததால், வழக்கமான லாபநட்டக் கணக்கு அங்கே பயன்படாது என்பது அவருடைய வாதம். பதினேழு வயதில் கல்லூரியைத் தேர்பவரின் நிலையும் இதுவே: தேர்வு சரியா என்று இருபது வயதில் தீர்ப்புச் சொல்லப்போகும் மனிதரை அந்தக் கல்லூரியே உருவாக்கியிருக்கும். வளாகத்தை நேரில் பார்ப்பதும், இரண்டாம் ஆண்டு மாணவரிடம் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று காலை முதல் இரவு வரை கேட்டறிவதும், நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று விசாரிப்பதும் மிகவும் தேவையானவை. தரவரிசைப் பட்டியலைவிட அவை பயன் தரும். எனினும் அவை எல்லாம் சேர்ந்தாலும் இந்தச் சிக்கல் முழுவதுமாகத் தீராது.

தமிழ்க் கல்வி மரபு இதனை வேறொரு வழியில் எதிர்கொண்டது. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். அந்நூலுக்குச் சமணரான மயிலைநாதர் உரை கண்டார். பின்னர் சைவரான சங்கர நமச்சிவாயர் விரிவான உரை எழுத, அதைத் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சிவஞான முனிவர் திருத்திச் செப்பம் செய்தார். சமணர் வகுத்த இலக்கணத்தைச் சைவ மடத்தில் கற்ற மாணவர் எவரும் அதற்காகச் சமணராகவில்லை, சமணர் நூல் என்று அதைத் தள்ளவும் இல்லை. அதே ஆதீனச் சூழலில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ. வே. சாமிநாதையர், சைவ நூல்களில் ஊறியவராக இருந்தும், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி புரியாமல் நின்றபோது கும்பகோணத்துச் சமணர்களை நாடிச் சென்று அவர்களுடைய சமயக் கருத்துகளைக் கேட்டறிந்தே 1887இல் அதைப் பதிப்பித்தார். பிறருடைய நம்பிக்கையை உள்ளிருந்து புரிந்துகொள்வதும் அதை ஏற்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. புரிந்துகொள்ளும் முயற்சிக்கு மரியாதை போதும், மதமாற்றம் தேவையில்லை.

பெங்களூரின் அண்மைக்கால வரலாறு இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த கன்னடக் கவிஞர் வி. கே. கோகாக், பின்னாளில் சத்ய சாய் நிறுவனத்தின் முதல் துணைவேந்தரானார். அதே பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் பதவி வகித்த இயற்பியலாளர் எச். நரசிம்மையாவோ, 1976இல் அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் அறிவியல் முறையில் ஆராய ஒரு குழுவை அமைத்து, தம் அற்புதங்களை ஆய்வுக்கு உட்படுத்துமாறு சாய் பாபாவுக்குக் கடிதங்கள் எழுதினார். அந்த அழைப்பு ஏற்கப்படவில்லை. நரசிம்மையா திருமணம் செய்துகொள்ளாமல், நேஷனல் கல்லூரி விடுதி அறையில் எளிமையாக வாழ்ந்த காந்தியர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. எளிமை, தன்னடக்கம், சேவை ஆகியவற்றைப் பக்தரும் பகுத்தறிவாளரும் ஒரே அளவில் போற்றியிருக்கிறார்கள். பிளவு ஏற்பட்டது எதை நம்புவது என்பதில்தான். எனவே ஒரு கல்லூரி அதிகாலையில் எழச் சொல்வதையும், உடையில் எளிமை கேட்பதையும், கைப்பேசிக்கு வரம்பு விதிப்பதையும் சமயத் திணிப்பு என்று தள்ளுவது அவசர முடிவாகும். ஒழுக்கத்தைக் கேட்கும் உரிமை கல்லூரிக்கு உண்டு. மனத்தின் உடன்பாட்டைக் கட்டணமாகக் கேட்கும் உரிமை எந்தக் கல்லூரிக்கும் இல்லை.

சேர்ந்த பிறகு செய்ய வேண்டியதை நன்னூலின் பொதுப்பாயிரமே, அதாவது நூலுக்கு முன்னுரையாக அமைந்து ஆசிரியர், மாணாக்கர், பாடம் சொல்லுதல், கேட்டல் ஆகியவற்றை விளக்கும் பகுதியே, வியப்பூட்டும் துல்லியத்தோடு சொல்லிவிடுகிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகி இன்னொரு கால் பங்கு. எஞ்சிய பாதி, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. வினவுவதும் வினவியவற்றுக்கு விடை சொல்வதும் அங்கே கற்றலின் உறுப்புகளாகவே வைக்கப்பட்டுள்ளன. முதல் பருவத்திலேயே இருவர் மூவராகச் சேர்ந்து அன்றன்றைய பாடத்தை ஒருவருக்கொருவர் விளக்கப் பழகும் மாணவர், பேராசிரியரின் புகழை மட்டும் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தவரைவிட மிகுதியாகக் கற்பார். தைத்திரீய உபநிடதத்தில், கல்வி முடித்துச் செல்லும் மாணவனுக்கு அறிவுரை கூறும் ஆசிரியர், தம்மிடம் உள்ள நற்செயல்களை மட்டும் பின்பற்றுமாறும் மற்றவற்றை விட்டுவிடுமாறும் சொல்கிறார். குருவை வணங்கச் சொல்லும் மரபே குருவைச் சீர்தூக்கவும் மாணவனுக்கு இடம் கொடுத்திருக்கும்போது, கல்லூரி நிர்வாகத்தை அதற்கு விலக்காகக் கருத வேண்டியதில்லை.

சட்டமும் இந்த எல்லையை வரைந்திருக்கிறது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் உறுப்பின் மூன்றாம் கூறு, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரையும், அவருடைய இசைவு இன்றிச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்குமாறு கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. மாணவர் வயதுவராதவராயின் அவருடைய பாதுகாவலர் இசைவு தர வேண்டும். பள்ளிப்படிப்பை முடித்துச் சேர்பவர்களில் பலருக்கு அப்போது வயது பதினேழே ஆவதால், அந்த இசைவை உண்மையில் தருபவர்கள் பெற்றோர். முதலாண்டு முடிவதற்குள் பதினெட்டு நிறைந்துவிடும். அப்போது, பெற்றோர் சொன்ன சம்மதத்தைத் தாமும் சொல்வதா, மறுப்பதா என்பதை மாணவர் அமைதியாக எண்ணி, மறுப்பதாயின் விடுதிக் காப்பாளரிடம் மரியாதையோடு நேரில் சொல்ல வேண்டும்.