நோயாளிக்கு அரசு பட்ட கடன்

காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில், குழிக்குள் காலை விட்டு நாள் முழுக்க மிதிகட்டையை மிதிப்பவருக்கு முதலில் விட்டுப்போவது இடுப்பு. அடுத்தது கண். புடவைக் கணக்கில் கூலி என்பதால், ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் கூலி போகிற நாள். பக்கத்தில் ஏனாத்தூரிலேயே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிற்கிறது. ஆனாலும் வலி முற்றிப் படுக்கிறவரை பலர் தறியை விட்டு எழுவதில்லை. இவர்களுக்கு மருத்துவம் தருவது அரசின் தயவா, கடமையா?

சென்னை மாகாணம் 1939இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. குடிநீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய் எல்லாவற்றிலும் அதிகாரிகளுக்கு அது அதிகாரம் தந்தது. ஆனால் வலியோடு வாசலில் நிற்பவர் ‘எனக்குச் சிகிச்சை கொடு’ என்று உரிமையோடு கேட்க அதில் வழியில்லை. அந்தக் குறையைத் திட்டங்கள் ஓரளவு தீர்த்தன: 2009இல் காப்பீடு, 2021இல் மக்களைத் தேடி மருத்துவம். இவற்றால் பிழைத்தவர்கள் ஏராளம். குறைத்துப் பேசுவது பாவம். என்றாலும் அரசாணையால் வந்தது அரசாணையாலேயே போகலாம். காப்பீட்டுக்கு வருமானச் சான்று வேண்டும். அதுவும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்கே உதவும். இடுப்புவலி தொடங்கும் நாட்களில் நெசவாளி தன் கைக்காசையே நம்ப வேண்டியிருக்கிறது.

ராஜஸ்தான் 2023இல் மருத்துவ உரிமைச் சட்டம் இயற்றியபோது தனியார் மருத்துவர்கள் தெருவில் இறங்கினார்கள். முன்பணம் வாங்காமல் அவசர சிகிச்சை கொடுத்தால் பணத்தை யார், எப்போது தருவார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. தான் பட்ட கடனை அரசு அடுத்தவர் தலையில் கட்டுவது அறமாகாது.

அதற்காக, பணமில்லை என்று சட்டத்தையே தள்ளிப்போடலாமா? போரில் கடனாளியாகிப்போன பிரிட்டன் 1946இல் தேசிய சுகாதாரச் சேவைச் சட்டத்தை நிறைவேற்றி, 1948 ஜூலையில் நடைமுறைக்கும் கொண்டுவந்தது. அதே 1946இல்தான், காசில்லை என்பதற்காக யாருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்று இங்கே சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு அறிக்கை தந்தது. அங்கே சட்டமானது, இங்கே பரிந்துரையாகவே நின்றது. நிதி நெருக்கடியைச் சாக்காகக் காட்டி அவசர சிகிச்சையை அரசு மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொல்லிவிட்டது. அவசரத்துக்குப் பொருந்தும் அந்த நியாயம், தறிக்குழியில் மெல்ல மெல்ல உடையும் உடம்புக்கும் பொருந்த வேண்டும். புறநோயாளி சிகிச்சையையும் மருந்தையும் உரிமையாக்கி, அதற்கான நிதியையும் மறுக்கப்பட்டால் முறையிடும் இடத்தையும் சட்டத்திலேயே எழுதித் தருவதுதான் அரசு செய்ய வேண்டியது.