தருமத்திற்கும் கணக்கு வேண்டும்

கடையில் ஒரு மூட்டை அரிசி குறைந்தால் நாம் பேரேட்டைப் புரட்டுகிறோம். தருமமாகக் கொடுத்த பணம் என்ன பலன் தந்தது என்று மட்டும் கேட்பதில்லை. நிய்யத்து நல்லது, கூலி அல்லாஹ்விடம் என்று அமைந்து விடுகிறோம். கொடுத்தவருக்கு அது போதும். நோயாளிக்குப் போதுமா?

நமது அனுபவத்தையே சொல்லுவோம். 2019-ஆம் ஆண்டில் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. 182 பேர் மாண்டனர். அப்போது ராசா வட்டாரத்து வியாபாரிகள் சிலர் கூடி வசூல் செய்து, ஒரு தோட்ட லயத்தில் கொசுவலைகள் வழங்கினோம். படமும் எடுத்துக் கொண்டோம். சில மாதம் கழித்து அங்கே கடன் பாக்கி கேட்கப் போனபோது ஒரு தாய் சொன்னார்: "வலைக்குள்ளேதான் படுக்கிறோம் காக்கா. அப்படியும் பையனுக்குக் காய்ச்சல் வந்துடுச்சே!"

விசாரித்த பின்னரே விளங்கிற்று. டிங்கிக் கொசு பகலில் கடிப்பது. இராத்திரி வலை அதற்குப் பெரிய தடையன்று. அது தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும். திரும்பி வந்து நமது கடையின் பின்கட்டைப் பார்த்தோம். காலி எண்ணெய் டின்களில் மழைநீர். நீரில் புழுக்கள் நெளிந்தன. வலை கொடுத்த கைகளே கொசுவையும் வளர்த்திருந்தன!

இந்தப் பாடம் நம் சிலாங்கூருக்குப் புதிதல்ல. 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்தும் காட்டை வெட்டியும் மலேரியாவைக் குறைத்தார். கடலோரச் சமவெளியில் அது பலித்தது. அங்குள்ள கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரை நாடுவது. மலையடிவாரத் தோட்டங்களிலோ காட்டை வெட்டியதும் காய்ச்சல் மிகுந்தது. அங்கிருந்த கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடையே தொட்டில். வாட்சன் பிடிவாதம் பிடிக்கவில்லை. பிள்ளைகளின் மண்ணீரல் வீக்கத்தைத் தோட்டந்தோறும் எண்ணிப் பார்த்தார். ஓடை நீரில் எண்ணெய் தெளிக்கவும், நிலத்தடியில் குழாய் பதிக்கவும் செய்தார்.

இங்கிலாந்தில் ராப் மேதர் என்பவர் 2004-இல் தொடங்கிய 'அகைன்ஸ்ட் மலேரியா பவுண்டேஷன்' என்னும் தரும ஸ்தாபனமும் இவ்வழியே செல்கிறது. இரவில் கடிக்கும் மலேரியாக் கொசுவுக்கு வலை ஏற்றது. ஆயினும் கொடுத்ததோடு அவர்கள் நிற்பதில்லை. பின்னர் வீடுகளுக்கு ஆளனுப்பி, எத்தனை வலை இன்னும் தொங்குகிறது என்று எண்ணி, அதை வெளியிடுகின்றனர்.

சகோதரர்களே! பசித்தவனுக்குச் சோறிட்டால் அவன் முகம் மலர்கிறது; நமக்கும் மனம் குளிர்கிறது. வராத காய்ச்சலுக்கு நன்றி சொல்வார் எவருமிலர். ஆகவே நோய்த் தடுப்புத் தருமத்தில் நமது மன நிறைவு சாட்சியாகாது, கணக்கே சாட்சி. ஊரார் நம்மை நம்பித் தந்த பணம் அமானத்து. பலிக்கவில்லையென்றால், பலிக்கவில்லை என்று எழுதுவதும் அமானத்தைக் காப்பதேயாகும்.

முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் பிடிக்கிறது. ஆதலால் இப்போது வாரம் ஒரு நாள் கடைகளின் பின்கட்டைச் சுற்றி வருகிறோம். எத்தனை டின்னில் புழு கண்டோம் என்று ஒரு நோட்டில் எழுதுகிறோம். மாலையில்லை, படமில்லை. முதல் பக்கத்தில் நமது கடையின் டின்களையே எழுதி வைத்திருக்கிறோம்.