பிள்ளை சொன்னதும் நாம் கேட்டதும்

கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது திட்டக்குடி. பள்ளி மாணவியர் இருவர் 2014-இல் பாலியல் தொழிலுக்குள் தள்ளப்பட்ட அந்த ஊர் வழக்கில், கடலூர் மகளிர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் 16 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அவர்களில் பெண்களும் இருந்தார்கள், மதபோதகர் ஒருவரும் இருந்தார். தீர்ப்பு வந்தபோது தண்டனை எத்தனை ஆண்டு என்று பேசிக்கொண்டோம். அதுவரை அந்தப் பிள்ளைகள் எத்தனை பேரிடம் எத்தனை முறை அதைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும் என்பதை நாம் பேசவில்லை.

பிள்ளையின் சொல்லை மட்டும் நம்பித் தண்டிக்கலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1951-லேயே, ராமேஷ்வர் வழக்கில் விடை சொல்லிவிட்டது. எட்டு வயதுச் சிறுமியின் சாட்சியம் அது. அவளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைக்கவில்லை என்பதால் சாட்சியம் செல்லாமல் போகாது என்றும், துணைச் சான்று தேடுவது எச்சரிக்கையே தவிர சட்டத்தின் கட்டாயம் அல்ல என்றும் நீதிபதி விவியன் போஸ் எழுதினார். நடந்த சில மணி நேரத்தில் அவள் தாயிடம் சொன்னதே துணைச் சான்றாகவும் ஏற்கப்பட்டது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் இன்னும் தாராளமானது. சீருடையில்லாத பெண் அதிகாரி பிள்ளையின் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். வழக்கறிஞர் தம் கேள்விகளை நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படக்கூடாது. எழுத்தில் குறை சொல்ல அதிகமில்லை.

ஆனால் சாட்சியத்தை எடைபோடும் மனம் சட்டத்தோடு சேர்ந்து பிறப்பதில்லை. தாயிடம், ஆசிரியரிடம், போலீசிடம், மருத்துவரிடம், மாஜிஸ்திரேட்டிடம் என்று ஒரே துயரத்தைப் பிள்ளை சொல்லிக்கொண்டே போகிறாள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று விடுபடுகிறது, ஏதோ ஒன்று சேர்கிறது, நம் எல்லோருடைய நினைவையும் போல. குறுக்கு விசாரணையில் அவை அருகருகே வைக்கப்பட்டு முரண்பாடுகள் ஆகின்றன. தடுமாறினால் நம்பத்தகாதவள், தடுமாறாமல் ஒரே மாதிரி சொன்னால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே, ஐயத்துக்கு இடமில்லாத அளவுக்கு மட்டும் தடுமாறத் தெரிந்த பிள்ளையைத்தான் எதிர்பார்க்கிறார்கள் போலும். சட்டத்தை வாசிக்கும் விதமும் சில சமயம் இதற்குத் துணைபோகும். ஆடைக்கு மேல் தொட்டால், தோலோடு தோல் படாததால், அது போக்சோவின் கீழ் பாலியல் தாக்குதல் ஆகாது என்று 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொன்னது. நோக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதைத் திருத்த நவம்பர் வரை ஆயிற்று.

எடைபோடுவதே தவறு என்று சொல்ல முடியாது. போக்சோவின் 29-ஆம் பிரிவு குற்றம் நடந்ததாக அனுமானிக்கச் சொல்கிறது. நிரபராதி என்று காட்டும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. ஒருவர் சொல்லை வைத்து இன்னொருவரை இருபது ஆண்டு உள்ளே வைப்பதானால் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும். அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவட்டும் என்று உயர் நீதிமன்றங்கள் கேட்பதும் நியாயமே. நம்மை உறுத்துவது வேறு. அந்தச் சோதனை போலீஸ் வாங்காமல் விட்ட சான்றையும், தாமதமாகப் போன மருத்துவப் பரிசோதனையையும் அளக்காமல், பிள்ளையின் நினைவாற்றலை மட்டும் அளந்துவிட்டு முடிந்துவிடுகிறது.

அந்த நினைவுக்கும் நாம் அவகாசம் தருவதில்லை, அல்லது அளவுக்கு மீறித் தருகிறோம். நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாளுக்குள் பிள்ளையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது 35-ஆம் பிரிவு, இயன்றவரை என்ற ஒரு சொல்லையும் சேர்த்துக்கொண்டு. வாய்தாக்களெல்லாம் அந்தச் சொல்லுக்குள் குடியிருக்கின்றன. திட்டக்குடி வழக்கு தீர்ப்பைத் தொட நான்காண்டுக்கு மேல் ஆயிற்று. பிள்ளையாக இருந்தபோது நடந்ததை வளர்ந்த பெண் வந்து சொல்கிறாள். அன்று என்ன கிழமை என்று கேட்கிறார்கள். இதற்குள் உறவினர் சமரசம் பேசியிருப்பார்கள், தெரு வேறு கதை கட்டியிருக்கும். தாயே பிறழ்சாட்சியாகிவிடும் வழக்குகளில், அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பதைத் தீர்ப்பு எழுதுவதில்லை.

அது நம் தெருதான். அப்படியொரு பிள்ளை அங்கே இருந்தால், என்ன நடந்தது என்று மறுபடி கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ உடனே சொல்லிவிட்டு, வழக்கு நாளன்று அந்தத் தாய்க்குத் துணையாகக் கடலூர் பேருந்தில் ஏறுங்கள்.