மறைக்கப்பட்ட ஊர்ப்பெயர்

உண்மையை மறைப்பது பொய்யாகுமா? மறைக்கல்வி வகுப்பில் எட்டாம் கட்டளையைக் கற்றபோது நம்மில் பலர் கேட்ட கேள்விதான். இன்று ஒரு காட்டுக்கொடியின் பொருட்டு அதை மீண்டும் கேட்க நேர்ந்திருக்கிறது.

அக்கொடி மாகாளி. அதன் கிழங்கு ஊறுகாய் பிடித்தவர்க்கு அமிர்தம். பிடிக்காதவர்க்கு மூட்டைப்பூச்சி நாற்றம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட இலையுதிர் காடுகளில், பாறைச் சரிவுகளில் வேரூன்றிப் படர்வது. கிள்ளினால் பால் வடிவது. நாம் கிழங்கு என்பது உண்மையில் அதன் வேர்தான். நன்னாரிக்கு மாற்றாகவும் அது விலை போகிறது. வேரை முழுவதும் தோண்டி எடுத்தால் கொடி மடிந்துவிடும்.

1834இல் வைட், ஆர்னாட் என்னும் இருவர் இதற்கு அறிவியற் பெயரிட்டனர். இத்தகைய தாவரங்களைச் செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, கெட்டித்தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடமே உலர்தாவரகம். திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967இல் இயேசு சபைத் துறவி கே.எம். மேத்யூ அடிகளார் தொடங்கிய ரபினாட் உலர்தாவரகம் நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு. தாளின் மூலையில் ஒரு சிறு சீட்டு இருக்கும்: பெயர், கண்ட இடம், உயரம், நாள், சேகரித்தவர். தாளின் உயிர் அச்சீட்டிலேயே உள்ளது. இடம் எழுதப்படாத செடி வெறும் வைக்கோல். முன்னொருவர் கண்ட அதே சரிவுக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் சென்று, கொடி இன்னும் இருக்கிறதா என்று தேட முடிவது அந்த ஒருவரி ஊர்ப்பெயரால்தான்.

ஆனால் இன்று இத்தாள்கள் பல நாடுகளிலும் கணினியேறி, உலகெங்கும் காணக் கிடைக்கின்றன. எனவே அழியும் நிலையிலுள்ள, வணிகர் தேடும் தாவரங்களுக்கு ஊர்ப்பெயரை மறைத்து, மாவட்டத்தை மட்டும் காட்டும் வழக்கம் வந்துள்ளது. இது முறையா?

பொய் எந்நிலையிலும் தவறு. எனினும் விவேகத்தோடு உண்மையை வெளியிடாதிருப்பது பொய்யன்று என்று புனித தோமா அக்குவினாஸ் வேறுபடுத்திக் காட்டுகிறார். அதன்படி, 'இடம் மறைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி மறைப்பதில் குற்றமில்லை. திருடனை ஏய்ப்பதாக எண்ணி வேறொரு மலையின் பெயரை எழுதினால் அது பொய். நாளை அம்மலையில் வீணாக ஏறி, 'கொடி அழிந்துவிட்டது' என்று நேர்மையாகவே தவறான முடிவெழுதும் ஆய்வாளருக்கு நாம் இழைக்கும் அநீதியும் ஆகும்.

இவ்வளவில் நம் மனச்சான்று அமைதி அடைந்திருக்கலாம். அடையவில்லை. மறைப்பது யாரிடமிருந்து? மலையில் வேர் தோண்டுபவர் சீட்டைப் படித்துவிட்டு வருவதில்லை. அவர் தந்தையோடு அப்பாறைகளில் நடந்தவர். சேகரிக்கச் சென்ற அறிஞர்களுக்கு அவரைப் போன்றோரே பலமுறை வழிகாட்டியுமிருக்கின்றனர். சீட்டில் அறிஞர் பெயர் இருக்கும்; வழிகாட்டியின் பெயரைக் காண்பது அரிது. அவர் காட்டிய இடத்தை அவரிடமிருந்தே காப்பதாக நாம் பேசுவது சற்று நகைப்புக்குரியது. தொலைவிலிருந்து வரும் வணிகரைத் தடுக்க மறைப்பு ஓரளவு உதவும். அதற்காக அதனை ஏற்கிறோம். ஆயினும் பேழைக்குள் இருக்கும் மூலத்தாளில் ஊர்ப்பெயர் அழியாதிருக்க வேண்டும். தம் காட்டைப் பற்றி அறிய வரும் மலைமக்களுக்கு அது திறக்கவும் வேண்டும்.

வேர் தோண்டுபவர் வணிகருக்காகத் தோண்டுகிறார்; வணிகர் நமக்காக வாங்குகிறார். ஊறுகாய்ச் சாடியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. உப்பு, எண்ணெய், எடை, விலை எல்லாம் அதில் உண்டு. கிழங்கு எந்த மலையிலிருந்து வந்தது என்று அதில் எழுதியிருக்க நாம் கண்டதில்லை. கடைக்காரரிடம் கேட்டதுமில்லை.