இருமுறை எழுப்பப்பட்டவன்

மேரி ஷெல்லி 1818இல் தம் பெயரைக் குறிப்பிடாமல் வெளியிட்ட 'ஃபிராங்கென்ஸ்டைன்' நாவலின் இறுதியில், விக்டர் ஃபிராங்கென்ஸ்டைன் என்னும் ஆய்வாளன் பிணக்கூறுகளிலிருந்து உருவாக்கிய பெயரற்ற உயிர், தன்னைப் படைத்தவனின் சடலத்தருகே நின்று தான் செய்த கொலைகளுக்காக வருந்துகிறது. பின்னர் வடதுருவத்தில் தானே சிதை அடுக்கி அதில் எரிந்து மடியப்போவதாகக் கப்பல் தலைவன் ராபர்ட் வால்டனிடம் அறிவித்துவிட்டு, பனித்தெப்பத்தில் ஏறி இருளில் மறைகிறது. சிதை எரிந்ததா என்பதை நாவல் சொல்வதில்லை. பாழ்மாளிகை, மறைந்த குற்றம், பிடிவிடாத கடந்தகாலம் ஆகியவற்றைக் கொண்டு அச்சமூட்டும் 'கோதிக்' புனைகதை மரபில் இத்தகைய முடிவு புதிதன்று. எனினும், காட்டப்படாத அந்த மரணமே, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து இக்கதையை மேலே கொண்டுசெல்ல முனைந்த ஒரு சித்திரக்கதைக்கு இடம் தந்தது.

அந்தச் சித்திரக்கதை, அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1973 ஜனவரி தேதியிட்டு வெளியிடத் தொடங்கிய, கேரி ஃபிரீட்ரிக் எழுதி மைக் புளூக் வரைந்த 'தி மான்ஸ்டர் ஆஃப் ஃபிராங்கென்ஸ்டைன்' ஆகும். அது வெளிவர முடிந்ததற்கே ஒரு பின்னணி உண்டு. அமெரிக்கப் பதிப்பாளர்கள் 1954இல் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட 'காமிக்ஸ் கோட்' என்னும் தணிக்கை நெறி, இரத்தக்காட்டேரி, ஓநாய்மனிதன், நடமாடும் பிணம் ஆகியவற்றைச் சித்திரக்கதைகளிலிருந்து விலக்கியிருந்தது. 1971இல் அந்நெறி திருத்தப்பட்டபோது, 'ஃபிராங்கென்ஸ்டைன்', 'டிராகுலா' போன்ற செவ்வியல் படைப்புகளின் மரபில் கையாளப்பட்டால் முதல் இரண்டும் வரலாம் என்று விதி தளர்ந்தது. நடமாடும் பிணத்துக்கு விதிக்கப்பட்ட தடை மட்டும் நீடித்தது. விதியின் எழுத்தைக் கறாராகப் பார்த்தால் பிணக்கூறுகளால் ஆன இவனும் நடமாடும் பிணமே. ஆயினும் இலக்கியக் குலப்பெருமை அவனுக்கு நுழைவுச்சீட்டு வாங்கித் தந்தது.

கதை 1898இல் தொடங்குகிறது. முதல் வால்டனின் கொள்ளுப்பேரனான நான்காம் ராபர்ட் வால்டன், முன்னோரின் வரலாற்றைப் பின்பற்றி ஆர்க்டிக் கடலுக்குச் சென்று, பனிக்குள் உறைந்துகிடக்கும் அவனைக் கண்டெடுத்துக் கப்பலில் ஏற்றுகிறான், உறைந்தவன் விழித்தெழுகிறான். மேலோட்டமாகப் பார்த்தால் இது தொடர்கதைக்கு வேண்டிய எளிய உத்திதான். ஆனால் நாவல் எழுப்பிய சமயக் கேள்வியை இவ்வுத்தி முற்றிலும் வேறொரு கேள்வியாக மாற்றிவிடுகிறது.

நாவலின் கேள்வி, படைத்தவன் படைக்கப்பட்டவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்பது. மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியத்தில், தன்னைப் படைக்குமாறு தான் வேண்டினேனா என்று ஆதாம் இறைவனிடம் முறையிடும் பகுதியையே மேரி ஷெல்லி நூலின் முகப்பில் வைத்தார். நாவலுக்குள் அதே காவியத்தைப் படிக்கும் படைக்கப்பட்டவன், ஆதாமுக்குக் கிடைத்த அரவணைப்புகூடத் தனக்குக் கிடைக்கவில்லை என்று உணர்கிறான். ஒருவனைக் கேளாமல் உயிர்கொடுத்தவன், பிறகு அவனைக் கைவிட்டால் அவன் செய்யும் தீமையில் பங்குகொள்ளவேண்டும் என்பது அங்கே எழும் வழக்கு. சித்திரக்கதையிலோ அவன் இரண்டாம் முறையும் கேளாமலே எழுப்பப்படுகிறான். இம்முறை, தன்மீது தானே தீர்ப்பு வழங்கிக்கொண்ட பிறகு எழுப்பப்படுகிறான். கிறிஸ்தவ இறையியலில் உயிர்த்தெழுதல் என்பது அழியாத புதுநிலைக்கு உயர்வதைக் குறிக்கும். விவிலியத்தில் இயேசு உயிர்ப்பித்த இலாசருவைப் போல் எழுப்பப்பட்டவர் மீண்டும் இறக்கவேண்டியவர் என்றாலும், அவருக்காக அழுதவர்கள் இருந்தார்கள். இவனுக்காக அழுதவர் எவருமில்லை. ஒரு மனிதனின் ஆவலே இவனைப் பனியிலிருந்து பெயர்த்தெடுத்தது.

தன்னுயிரை மாய்த்துக்கொள்வது ஏன் குற்றம் என்பதற்குக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் மூன்று காரணங்கள் கூறுகிறார். ஒவ்வோர் உயிரும் தன்னை நேசிப்பது இயற்கை என்பது முதலாவது; மனிதன் தன் சமூகத்துக்கு உரியவன் என்பது இரண்டாவது; உயிர் இறைவன் அளித்த கொடை, அதைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்கே உண்டு என்பது மூன்றாவது. இக்காரணங்களை இவன்மீது வைத்துப் பார்த்தால் வாதம் தடுமாறுகிறது. எந்தச் சமூகமும் இவனை ஏற்காததால் இரண்டாவது காரணம் பொருந்துவதில்லை. இவன் உயிர், கொடுத்தவனே வெறுத்து விலகிய உயிர் என்பதால், அதைக் கொடை என்பது கடினம். எஞ்சுவது முதல் காரணம் மட்டுமே. வாழ்வு வேதனையின் திரட்டாக இருந்தாலும் அது தனக்கு அரியது என்று ஆல்ப்ஸ் பனிவெளியில் விக்டரிடம் அவனே சொல்வதையும் கருதினால், அவனை மீண்டும் வாழவைத்த சித்திரக்கதையாளர்கள் நாவலுக்கு முற்றிலும் துரோகம் செய்துவிடவில்லை எனலாம்.

அவர்கள் சறுக்குவது வேறிடத்தில். விழித்தெழுந்தவன், ஃபிராங்கென்ஸ்டைன் குலத்தின் கடைசி மனிதனைத் தேடிப் பழிதீர்க்கப் புறப்படுகிறான். தந்தையரின் குற்றம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கப்படும் என்று விவிலியத்தின் யாத்திராகமம் சொல்கிறது. தந்தையின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை, பாவம் செய்த ஆத்துமாவே சாகும் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி அதை மறுப்பதுபோல் அறிவிக்கிறார். வினைப்பயன் செய்தவனையே சேரும் என்னும் கொள்கைக்குப் பழகிய வாசகருக்கு இரண்டாவது கூற்றே நெருக்கமாகத் தோன்றும். மேலும், நாவலில் விக்டருக்கு வாரிசே இல்லை. திருமண இரவிலேயே மனைவி எலிசபெத் கொல்லப்படுகிறாள். தம்பி வில்லியம் அதற்கு முன்பே கொல்லப்பட்டவன். நூலாசிரியரே மறந்துவிட்டாரோ என எண்ணத்தக்கவாறு ஓரமாக நிற்கும் எர்னஸ்ட் என்னும் தம்பி மட்டும் எஞ்சுகிறான். ஆகவே பழிக்கு இலக்காகும் வழித்தோன்றல் எவனாயினும், அவன் குற்றமற்ற எர்னஸ்டின் வழியில் வந்தவனாகவே இருக்கமுடியும். இந்த முடிச்சை எதிர்கொள்ளாமல், சித்திரக்கதை அந்த வழித்தோன்றலான வின்சென்டையும் முன்னோனின் ஆய்வுகளைத் தொடரும் கொடியவனாக்கிவிடுகிறது. அவன் தன் குற்றத்துக்கே பொறுப்பாளியாகிவிடுவதால், பரம்பரைப் பாவம் பற்றிய கேள்வி விசாரணைக்கே வராமல் தள்ளுபடியாகிறது.

இதற்கு மாறாக, கதைவசதிக்காக மட்டுமே செய்யப்பட்டதாகத் தோன்றும் ஒரு திருப்பம் எதிர்பாராத ஆழம் பெறுகிறது. ஒன்பதாம் இதழில் டிராகுலாவின் கடியால் அவன் குரல்வளை சிதைந்து பேச்சிழக்கிறான். 1931ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் போரிஸ் கார்லாஃப் ஏற்ற ஊமைப் பாத்திரத்துக்கு அவனை நெருக்கமாக்குவது இதன் நோக்கமாக இருக்கலாம். ஆனால் நாவலில் அவனுடைய அறவுரிமை முழுவதும் பேச்சையே பற்றி நிற்கிறது; அவன் உருவத்தைக் காணமுடியாத டி லேசி என்னும் முதியவர் ஒருவரே, குரலை மட்டும் கேட்டு அவனை மனிதனாக மதிக்கிறார். பேச்சு போனபின் அவன் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க இயலாது. கண்டவர் அஞ்சுவர் அல்லது தாக்குவர். அவன் நியாயத்தை அறிந்தவர், ஓவியச் சட்டகங்களுக்கு வெளியே இருக்கும் வாசகர் மட்டுமே. நீதி கேட்கும் திறன் இழந்தவனுக்கு நீதி கிடைக்கும் உரிமை குறைகிறதா என்று இத்தொடர் எங்கும் வெளிப்படையாகக் கேட்கவில்லை. ஆனால் பக்கந்தோறும் அக்கேள்வியை வரைந்து காட்டுகிறது.

பன்னிரண்டாம் இதழிலிருந்து கதை இருபதாம் நூற்றாண்டுக்கு நகர்த்தப்பட்டபோது, வால்டனையும் பனிக்கடலையும் சார்ந்து நின்ற இந்த விசாரணை நூலறுந்து, தொடர் வழக்கமான சாகசக் கதையாகச் சுருங்கியது. 18 இதழ்களோடு 1975இல் அது நின்றுபோனதில் இழப்பு பெரிதன்று. மேரி ஷெல்லியின் கேள்விக்கு உண்மையான தொடர்ச்சியாகக் கொள்ளத்தக்கவை முதல் பதினோரு இதழ்களே.