அறிவில்லாத ஒன்று நோக்கத்தோடு இயங்குமா?

கன்றுக்காகப் பசுவின் மடியில் பால் சுரக்கிறது. பாலுக்கு அறிவு கிடையாது. ஆனாலும் அது கன்றை வளர்க்கிறது. அறிவற்ற பிரகிருதியும் (இயற்கையும்) அப்படித்தான் புருஷனின் (ஆன்மாவின்) விடுதலைக்காக இயங்குகிறது என்கிறது சாங்கிய தத்துவம். ஈசுவரகிருஷ்ணரின் ‘சாங்கிய காரிகை’ 57-ஆம் செய்யுளில் இந்த வாதம் வருகிறது. சங்கரர் விடவில்லை. பசுவுக்குக் கன்றின்மேல் பாசம் இருக்கிறது, கன்றும் வாய் வைத்து உறிஞ்சுகிறது, அதனால்தான் பால் வருகிறது என்று பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் மறுத்தார். அறிவுள்ள ஒன்று பின்னால் இல்லாமல் சடப்பொருள் ஒரு பயனை நோக்கி நகராது என்பது அவர் கட்சி.

இந்த வழக்கில் பூஞ்சையையும் சாட்சிக் கூண்டில் ஏற்றலாம்.

சைசோசாக்கரோமைசிஸ் பாம்பே என்ற ஈஸ்ட் பூஞ்சை, பிரியும் தறுவாயில் ஏறக்குறைய 14 மைக்ரோமீட்டர் நீளம் இருக்கும். குரோமோசோம்கள் மூன்றே மூன்று. ஒவ்வொன்றும் இரட்டித்தபின், ஒரு பிரதி இந்த முனைக்கும் மற்றது அந்த முனைக்கும் போய்ச் சேரவேண்டும். மனித செல் பிரியும்போது உட்கருவின் உறை கலைந்துவிடும். இந்த ஈஸ்டில் உறை மூடியிருக்க, உள்ளேயே எல்லாம் நடந்து முடிகிறது.

வேலையைச் செய்பவை நுண்குழல்கள். ட்யூபுலின் என்ற புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டாகும் குழல்கள் இவை. இவை நிலையாக நிற்பவை அல்ல என்று 1984-இல் டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் காட்டினார்கள். ஒரு குழல் வளர்ந்துகொண்டே போகும். திடீரென்று நுனியிலிருந்து உதிர்ந்து சுருங்கும். பக்கத்திலேயே இன்னொன்று நீளும். ட்யூபுலின் சுமந்துவரும் ஜிடிபி (GTP) மூலக்கூறு நுனியில் சிதையாமல் இருக்கும்வரை வளர்ச்சி, அது சிதைந்துவிட்டால் சரிவு. குரோமோசோம் எங்கே இருக்கிறதென்று குழலுக்குத் தெரியாது. கண்மூடித்தனமாக நீள்கிறது. தட்டுப்பட்டால் பற்றிக்கொள்கிறது, இல்லாவிட்டால் உதிர்ந்துபோகிறது.

பற்றியது சரியா, தப்பா? அதை மேற்பார்வையிடவும் ஆளில்லை. இரு பிரதிகளும் எதிரெதிர்ப் பக்கம் இழுபட்டால் நடுவில் விறைப்பு உண்டாகும். இரண்டும் ஒரே பக்கம் மாட்டிக்கொண்டால் விறைப்பு வராது. அந்தப் பிடியை அரோரா வகை நொதி தளர்த்திவிடும், மறுபடி முயற்சி நடக்கும். விறைப்புதான் பிடியை நிலைக்கவைக்கிறது என்பது முதலில் வெட்டுக்கிளியின் செல்லில்தான் தெரிந்தது. 1969-இல் புரூஸ் நிக்லசின் ஆய்வில், தவறாக மாட்டியிருந்த குரோமோசோமைக் கண்ணாடி ஊசியால் இழுத்துப் பிடித்தார்கள். இழுத்த பிடி நின்றது.

முனைகளை விலக்கித் தள்ளுவதில் முதன்மையானது கட்7 என்ற கைனெசின் புரதம். அதை நீக்கினால் ஈஸ்ட் செத்துவிடும். ஆனால் உள்நோக்கி இழுக்கும் பிகேஎல்1 புரதத்தையும் சேர்த்து நீக்கினால் செல் பிழைத்துக்கொள்கிறது! திட்டம்போலத் தெரிவது இரண்டு எதிர்விசைகளின் இழுபறிதான்.

ஆக, செல்லுக்குள் அறிவாளி ஒருவர் தேவையில்லை. இந்த மட்டில் சாங்கியத்தின் பக்கமே நியாயம் இருக்கிறது. ஆனால் ‘இன்னொருவருக்காக’ என்று சாங்கியம் சேர்த்துச் சொன்ன பாதி இங்கே நிற்கவில்லை. ஈஸ்டின் குழல் யாருக்காகவும் நீளவில்லை. பூஞ்சைகளைக் கொல்ல நம் விவசாயிகளும் தெளிக்கும் கார்பென்டாசிம் மருந்து, ட்யூபுலினில் ஒட்டிக் குழல் கட்டுவதையே குலைக்கிறது. அதற்கு மசியாத பூஞ்சைகள் பலவற்றில் பீட்டா ட்யூபுலினின் 198-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. மருந்தை வெல்ல எண்ணி எந்தப் பூஞ்சையும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. தற்செயலாக மாறியவை தங்கின, மற்றவை அழிந்தன. பயன்போலத் தெரியும் பலவும் இப்படி எஞ்சியவைதான்.

சங்கரரின் கேள்வி இதனால் தள்ளுபடி ஆகிவிடவில்லை, அது வேறொரு படிக்கு நகர்ந்திருக்கிறது. பொருளுக்கு இப்படி ஓர் இயல்பு, அந்த இயல்புக்கு இப்படி ஒரு விதி, ஏன் இருக்கவேண்டும்? நுண்நோக்கியில் குழலின் நீளத்தை அளக்கலாம். இந்தக் கேள்விக்கு அங்கே விடை இல்லை.